ரப்பருக்கு எண்ணெய் ஆகாது

என் கணவரைப் பொறுத்தவரை உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை. எண்ணெய் போட்டவை, இனிமேல் போட வேண்டியவை. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். கதவுக் கீல் முனகினால் அவருக்குச் சோறு இறங்காது. முனகுவது பக்கத்து வீட்டுக் கதவாக இருந்தாலும் சரி, எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் அத்தனை கதவுகளும் சத்தமில்லாமல் திறந்து மூடியது அவர் தயவால்தான். திருடன் வந்தால் உங்களுக்குத்தான் முதலில் கும்பிடு போடுவான் என்று நான் கேலி செய்வேன். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் படிப்பு முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்துவந்த காலம் அது. பிறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். காலை வெட்டு முடித்துத் திரும்பும்போது அவர் கைலியில் பால் தெறித்துக் காய்ந்து, பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஊறவைத்தாலும் சோப்புப் போட்டுக் கல்லில் அடித்தாலும் அசையாது. கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி வைத்துவிட்டால் போதும். காய்ந்த பால் உப்பி, இளகி, விரலால் தேய்க்கத் தேய்க்கத் திரி திரியாக உருண்டு வந்துவிடும். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். ஏன் என்று கேட்டவர்கள்தாம் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியிலும் காரணம் சொல்லித் தரவில்லை, சட்டமாகத்தான் சொன்னார்கள். ரப்பர் சாமான்களில் எண்ணெய் படக்கூடாது. கொதிக்கவைத்து, உலர்த்தி, பவுடர் தூவி, துணியில் சுற்றி வைக்க வேண்டும். மேட்ரன் துரைசானி இதைச் சொல்லும்போது ஒவ்வொருத்தி முகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார். நாங்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

காரணம் சொல்ல இப்போது வீட்டிலேயே ஆள் இருக்கிறாள். அப்போது பிறந்திராத என் மகள் இன்று பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். வகுப்பில் நடத்தியது போதாது என்று என்னிடமும் நடத்துவாள். தண்ணீரின் மூலக்கூறில் மின்னூட்டம் சமமாகப் பங்கிடப்படவில்லையாம். ஒரு பக்கம் லேசாக எதிர்மின், மறுபக்கம் லேசாக நேர்மின். இதற்கு முனைவு என்று பெயர். ஒன்றின் இந்த முனை மற்றொன்றின் அந்த முனையை இழுப்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெயில் அப்படி முனைகள் இல்லை. பங்கு கிட்டத்தட்ட சமம். பக்கத்தில் இருப்பதால் உண்டாகும் மெல்லிய ஈர்ப்பு ஒன்றுதான் அதற்கு உண்டு. தண்ணீருக்கு எண்ணெய்மேல் பகை எதுவும் கிடையாது அம்மா, தன் ஆட்களை விட மனம் இல்லாமல் எண்ணெய்க்கு இடம் கொடுக்காது, அவ்வளவுதான் என்றாள். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் ஒரே வரிசையாக உட்கார்ந்துகொண்டு நம்மை நிற்கவைப்பது மாதிரி என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் அதையே சொன்னதாகக் கேள்வி.

ரப்பரும் எண்ணெய் ஜாதிதானாம். மிக நீளமான சங்கிலிகள் சிக்குப் பிடித்துக் கிடப்பதுதான் ரப்பர். அவற்றிலும் சொல்லும்படியான முனைவு கிடையாது. எண்ணெய் பக்கத்தில் வந்தால் தடுப்பதற்கு ஆளில்லை. உள்ளே நுழைந்து சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சங்கிலிகள் விலகும், ரப்பர் உப்பும், இருந்த வலு போய்விடும். தண்ணீரால் அப்படி நுழைய முடியாது. அம்மாவின் கைலியில் நடந்ததும் இதுதான். இரும்புக்குள் புகுவதற்கு எண்ணெய்க்கு வழியே இல்லை. மேலே படலமாக நின்று துரு வராமல் காவல் காக்கும். என் கணவர் வாழ்நாள் முழுக்கப் பழகியது இரும்போடு.

என் பையில் இருந்ததிலேயே நான் பொத்திப் பொத்திக் காத்த சாமான் ஒன்று உண்டு. சளி உறிஞ்சும் குழாய். சிவப்பு ரப்பர், மெல்லியது, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். பிறந்த குழந்தையின் தொண்டையில் சளி அடைத்திருந்தால் ஒரு நுனியை அதன் வாய்க்குள் விட்டு, மறு நுனியை என் வாயில் வைத்து உறிஞ்சுவேன். சளி குமிழில் வந்து தங்கிவிடும். எத்தனையோ குழந்தைகளின் முதல் மூச்சுக்கு வழி விட்டது அது. என் தாலிக்கு அடுத்தபடியாக அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன் என்றால் மிகையில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவர் தன் கருவிகளை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். ஸ்பானர், அரம், சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த வருஷம் சட்டென்று என் பையைப் பார்த்தார்.

“உன் சாமானும் ஆயுதம்தானே. இந்த வருஷம் அதையும் வெப்போம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பெண்பிள்ளை சம்பாதிக்கப் போவதையே முகம் சுளித்துப் பார்த்த காலத்தில், தன் சுத்தியலுக்குச் சமமாக என் கத்தரிக்கோலை வைக்கிறேன் என்று ஒரு மனுஷன் சொன்னால் எவளுக்குத்தான் உள்ளம் குளிராது. அன்று நான் ஒரு நீண்ட பிரசவம் பார்த்துவிட்டுக் கண் எரிச்சலோடு வந்திருந்தேன். வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நான் தூங்கிய பிறகு அவர் பையைத் திறந்திருக்கிறார். கத்தரிக்கோலுக்கும் இடுக்கிக்கும் எண்ணெய் பூசினார், அது பரவாயில்லை. பிறகு குழாயும் ரப்பர் கையுறையும் கண்ணில் பட்டிருக்கின்றன. பவுடர் படிந்து வெளிறிப்போய் இருந்தவற்றைப் பார்த்து, பாவம், வேலைச் சுமையில் இவள் இவற்றைக் காய விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பட்டறைக் கறுப்பு எண்ணெய் என் சாமானுக்குத் தகாது என்று, பாசாருக்குப் போய்த் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் புதுசாக ஒரு குப்பி வாங்கி வந்தார். தண்ணீர் போலத் தெளிந்த எண்ணெய். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குழாயையும் கையுறையையும் ராத்திரி முழுக்க ஊறவைத்தார். விடியற்காலையில் எடுத்துத் துடைத்து, பழையபடி துணியில் சுற்றிப் பையில் வைத்து, பைக்குச் சந்தனம் வைத்தார். என்னிடம் சொல்லவில்லை. நானாகப் பார்த்து மகிழ வேண்டுமாம்.

பூஜை மத்தியானம் முடிந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை போட்டுப் பிரிக்கும் வரை யாரும் தொடக்கூடாது என்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். அன்றைக்குச் செந்தூலில் ஒரு போல்ட்டைக்கூடத் திருகமாட்டார்கள். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பின்வரிசை லயன் வீடுகளிலிருந்து, தண்டவாளம் போடும் கேங்கில் வேலை செய்யும் ஒருவர் ஓடி வந்தார். அவர் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருந்தது, முன்னதாகவே வந்துவிட்டது.

அந்தப் பெண் என்னை அக்கா என்றும் அவரை அண்ணன் என்றும் கூப்பிடுவாள். அந்த வீட்டில் இரண்டு முறை தூளி கட்டி, இரண்டு முறையும் வெறுந்தூளியை அவிழ்த்திருந்தார்கள். இரண்டு குழந்தைகளும் அழாமலே போய்விட்டன. அப்போது நான் அந்தப் பக்கம் இல்லை. இந்தத் தடவை அக்கா நீங்க இருக்கீங்க, அது போதும் என்று அவள் மாதக்கணக்காகச் சொல்லி வந்தாள்.

நான் நேராகப் பூஜை அறைக்குள் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

“இன்னும் பூஜை பிரிக்கலியே.”

“பிள்ளை நாளைக் காலையில வரேன்னு சொல்லுச்சா?”

அவர் அவசரமாக ஒரு கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையைத் தன் கையாலேயே எடுத்து என்னிடம் கொடுத்தார். சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்துத் தானே மிதித்தார். அந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டதற்கு வருத்தப்படாத நாட்களில் அதுவும் ஒன்று. அந்த நினைப்பு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

உள்ளே அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி அடுப்பை மூட்டிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்திருந்தாள். பையைத் திறந்து கத்தரிக்கோல், இடுக்கி, குழாய் எல்லாவற்றையும் அவசரத்தில் கவனிக்காமல் பானையில் போட்டேன். பெண்ணைப் பார்த்துவிட்டு, கை கழுவித் திரும்பினேன். தண்ணீரின் மேல் வட்ட வட்டமாக எண்ணெய்க் கண்கள் மிதந்தன. அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்து, பானையைத் தேய்க்கவில்லையா என்று சத்தம் போட்டேன். சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தேன் அக்கா என்று அவள் கண் கலங்கினாள். பிறகுதான் மூக்கில் ஏறியது தையல் மெஷின் எண்ணெய் வாசனை.

அடுப்பு இடுக்கியால் குழாயை வெளியே எடுத்தேன். பருத்து, நீண்டு, இடியாப்பம் போலத் துவண்டு தொங்கியது. உப்பிய நுனி குமிழிலிருந்து தானே நழுவி விழுந்தது. கையுறையைப் போட்டுப் பார்த்தேன், விரலிடுக்கில் கிழிந்தது. சோப்புப் போட்டுக் குழாயைத் தேய்த்தேன். வெளியே இருந்த பிசுக்கு போனது, உள்ளே போனது போகவில்லை. சோப்பின் ஒரு நுனி தண்ணீரோடும் மறு நுனி எண்ணெயோடும் சேருமாம், அதனால்தான் அது அழுக்கை இழுத்து வருகிறதாம். ஆனால் ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவே குடியேறிவிட்ட எண்ணெயை அது எங்கே போய்ப் பிடிக்கும்? இதெல்லாம் மகள் பின்னால் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இது யார் வேலை என்று.

வாசலில் அவர் இருமும் சத்தம் கேட்டது. அந்த நிமிஷம் வெளியே போய் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் பெண்ணுக்கு வலி நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி வேறு குழாய் வரவழைக்க நேரமில்லை. கையை முழங்கை வரை மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, வெறுங்கையோடு உட்கார்ந்தேன். அக்கா, எல்லாம் சரியா இருக்கா என்று அவள் கேட்டாள். இருக்கு என்று பொய் சொன்னேன்.

பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. வாய் நிறையச் சளி. ஒருவேளை வேலை செய்யுமோ என்ற நப்பாசையில் குழாயின் நுனியை விட்டு உறிஞ்சினேன். அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காற்றுக்கூட வரவில்லை. அதைத் தூக்கி மூலையில் எறிந்தேன். விரலில் துணி சுற்றித் தொண்டையைத் துடைத்தேன். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தேன். பிறகு என் வாயை அதன் வாயிலும் மூக்கிலும் வைத்து நானே உறிஞ்சித் துப்பினேன், மறுபடி உறிஞ்சினேன். தாய் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முன்பு இரண்டு முறை பார்த்தவள் அல்லவா.

எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல எனக்குத் தெரியாது. குழந்தை ஒரு தும்மல் தும்மியது. பிறகு லயன் முழுக்கக் கேட்கும்படி அழுதது. அடுத்த வீட்டுக்காரி பானையைக் கவிழ்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாய் திரும்பி, காட்டுங்க அக்கா என்றாள்.

எல்லாம் கழுவி முடித்து, மூலையில் கிடந்த குழாயையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். குழந்தையின் அப்பா உள்ளே ஓடினார். என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார், முகமெல்லாம் சிரிப்பு.

“குழாயப் பாத்தியா? எப்படி மெத்துன்னு ஆக்கிட்டேன்.”

என் வாயில் அதுவரை சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பையைத் திறந்து, அந்தத் துவண்ட சிவப்புச் சவத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அதை அமுக்கிப் பார்த்தார், இழுத்தார். இழுத்த இடத்தில் அது பிட்டு வந்தது. வீடு வரும் வரை சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார்.

சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். எண்ணெய் கெடுக்குமா என்று கேட்டார். கெடுக்கும் என்பதையே அவர் நம்பத் தயாராக இல்லை. அம்மாவின் கைலிக் கதையைச் சொன்னேன். அவர் ரயில்வே வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் மரத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பிசைந்த சோற்றை வைத்துவிட்டுச் சொன்னார்.

“இரும்பு எண்ணெய வெளியிலயே நிப்பாட்டி வெச்சுக்குது. ரப்பரு உள்ளாற கூப்பிட்டு உக்கார வெச்சுக்குது போல.”

மூலக்கூறைப் பற்றி ஒரு வார்த்தை அறியாதவர் சொன்ன இதை மகளிடம் சொன்னபோது, அப்பா வகுப்புக்கு வந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம் என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் அந்த வீட்டுக்குப் போனார். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும் எண்ணமும் இல்லை. குழந்தைதான் பிழைத்துவிட்டதே. இவர் போய் வாசலில் நின்று, நடந்தது தன் வேலைதான் என்று அந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அந்த மனுஷர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே என்றாராம். இவர் குடிக்காமல் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எனக்குப் புதுக் குழாய் கொடுத்தார்கள், கூடவே மேட்ரனிடம் நல்ல மண்டகப்படியும் கிடைத்தது.

அதன் பிறகு அவர் எண்ணெய்க் குப்பியைத் தொடவில்லை. பட்டறையில் தொட்டே ஆக வேண்டும், அது வேறு. வீட்டில் இல்லை. கொஞ்ச நாளில் எங்கள் வரிசைக் கதவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. அண்ணனுக்கு உடம்புக்கு ஆகலையா என்று பெண்கள் என்னிடம் விசாரித்தார்கள். வேலைக்குப் போகும்போது நேர்வழியை விட்டுவிட்டுப் பின்வரிசை வழியாகச் சைக்கிளில் போவார். அந்த வீட்டு முன்னால் ஒரு காலை ஊன்றி நிற்பார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டதும் மிதித்துக்கொண்டு போய்விடுவார். அது தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் பட்டறைக்குத் தாமதமாகிப் போய் ஃபோர்மேனிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அதற்குள் கரைந்து, பரிதாபம்தான் மிஞ்சியிருந்தது.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பேர் வைக்க எங்களைக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றார். இழுத்துக்கொண்டு போனேன். வாசல் குழாயடியில் நின்று கையைக் கழுவினார். சோப்புப் போட்டு ஒரு தடவை, மணல் போட்டு ஒரு தடவை, திரும்பவும் சோப்பு. நகக்கண் சிவந்துபோகும் வரை தேய்த்தார். உள்ளே போய்ச் சுவரோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் மணையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய். வீட்டுப் பெரியவர்கள் யாராவது உச்சியில் முதல் எண்ணெய் வைக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“அண்ணே, மொத எண்ணெய் நீங்க வைங்க.”

அவர் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நீட்டிய கையை அவளும் மடக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பட்டறையில் கொதிகலன் வெடித்தபோதுகூடப் பயப்படாத மனுஷன் என்று பேர் வாங்கியவர் சுவரோடு இன்னும் ஒண்டிக்கொண்டார்.

“பிள்ளை ரப்பர் இல்லைங்க,” என்றேன். “வைங்க.”

அவர் மண்டியிட்டு, ஒரு விரலை எண்ணெயில் தோய்த்து, குழந்தையின் உச்சியில் மெதுவாக வைத்தார். அந்தத் தொடுகைக்கே காத்திருந்ததுபோல் அது வீறிட்டது. முகம் சிவந்து, கால் உதைத்து, கூரை அதிரும்படி அழுதது. தாய் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினாள். அவர் தடுத்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“அழட்டும்மா,” என்றார். “கொஞ்ச நேரம் அழட்டும்.”